20 வயதுப் பையன் மீது திருட்டு வழக்கு: ஒப்புக்கொள்ளச் சொல்லலாமா?

கோத்தகிரி அத்தை:
கேரட் தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் காணாமல் போன வழக்கில் மற்ற பையன்களோடு என் அண்ணன் மகனையும் பிடித்தார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது இவனும் ஒரு கை பிடித்திருக்கிறான். ஜாமீன் கிடைத்தது, ஆனால் தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. தேயிலைக் கொழுந்து எடை போடும் நேரமும் அதுதான், இருந்த வேலையும் போயிற்று. இப்போது குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வா, அலைச்சல் மிச்சம்" என்கிறார்கள் ஊரில். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை; இதுதான் முதல் வழக்கு. எனக்குத் தூக்கமே வரவில்லை. 18 முடிந்துவிட்டால் நீதிமன்றம் வயதைப் பார்க்கவே பார்க்காதா?

உதகை வழக்கறிஞர்:
பார்க்கும், அம்மா. அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். சம்பவ விவரத்தையும் இனி இங்கே எழுத வேண்டாம்.

சிறார் சட்டம் இவனுக்குப் பொருந்தாது. ஆனால் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவின்படி, 21 வயது நிரம்பாதவர் குற்றவாளி என்று முடிவானாலும், ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால் எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்பக் கூடாது. பையனின் குடும்பத்தையும் நடத்தையையும் விசாரித்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வாங்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் சிறைதான் என்றால் காரணத்தை எழுதியாக வேண்டும். 4ஆம் பிரிவின்படி, ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். அந்தக் கட்டுப்பாடு மூன்று ஆண்டுக்கு மேல் போகாது.

என்னை வாட்டுவது வேறு. வயதைக் கணக்கிடுவது சம்பவ நாளை வைத்து அல்ல, தீர்ப்பு நாளை வைத்து. ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962லேயே சொல்லிவிட்டது. வாய்தா மேல் வாய்தா போய் 21 நிரம்பினால் 6ஆம் பிரிவு கைநழுவிவிடும். நீதிபதியின் விருப்பத்துக்கு உட்பட்ட 4ஆம் பிரிவு போன்றவைதான் மிஞ்சும். யாரோ தள்ளிப்போட்ட வழக்குக்குப் பிள்ளையா விலை கொடுப்பது?

பூம்பாறைக்காரன்:
என் தம்பிக்கு இப்படித்தான் நடந்தது, அக்கா. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே வந்தார். அம்மாவிடம் பேசினார், பக்கத்து வீட்டில் கேட்டார், தம்பி மூட்டை தூக்கிய பூண்டு மண்டிக்கும் போனார். "திரும்பி வந்தால் நானே வேலை தருகிறேன்" என்று மண்டிக்காரர் எழுதிக் கொடுத்தார். சிறை இல்லாமல் போனது. அப்படி எழுதித் தரக்கூடிய ஒருவரை இப்போதே பார்த்து வையுங்கள்.

கோத்தகிரி அத்தை:
டிசம்பரில் அவனுக்கு 21 நிரம்புகிறது. வக்கீலுக்குக் கொடுக்கவும் கையில் பணமில்லை.

உதகை வழக்கறிஞர்:
15100க்கு அழையுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். வருமானம் குறைவென்றால் வழக்கறிஞரை இலவசமாக அமர்த்துவார்கள். பிறந்த தேதி உள்ள பள்ளிச் சான்றிதழோடு போய், வயதைக் காட்டி விசாரணையை விரைந்து முடிக்கும்படி மனு போடச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்பே.