தலைல அடிபட்ட பிறகு வீட்டுக்காரர் ஆளே மாறிட்டாருங்க, இதே நிலைமைல யாராவது இருக்கீங்களா?

பல்லடத்துக்காரி:
வணக்கம்ங்க. பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருந்தவரு, நைட் ஷிப்ட் முடிஞ்சு பைக்ல வரும்போது விழுந்து மண்டைல ரத்தக்கட்டு, ஆபரேசன் பண்ணி பொழச்சு வந்துட்டாரு. நடக்கறாரு, பேசறாரு, அதனால பாக்கறவங்க எல்லாம் அதான் நல்லாயிட்டாரேங்கறாங்க. ஆனா குளிங்கன்னு சொன்னா துண்ட கைல வெச்சுட்டு கட்டில்லயே மணிக்கணக்கா உக்காந்திருக்காரு, திடீர்னு தட்ட தூக்கி எறியறாரு, கொஞ்ச நேரத்துல அது நடந்ததே ஞாபகமில்ல. மாமியார் சோம்பேறித்தனம்ங்கறாங்க, மந்திரிக்கணும்ங்கறாங்க. மாத்திரை டாக்டர் குடுத்திருக்காரு, மனசு விட்டு பேசத்தான் ஆளில்ல.

மதுரை அண்ணன்:
தங்கச்சி, அது சோம்பேறித்தனமே இல்லம்மா. நெத்திக்கு பின்னாடி இருக்கற மூளைப்பகுதி அடிபட்டா ஒரு வேலைய தானா ஆரம்பிக்கவே வராது, கோவத்துக்கு பிரேக்கும் இருக்காது. என் தம்பிக்கும் இதே கதைதான். குளின்னா அசைய மாட்டான், எந்திரி, பாத்ரூமுக்கு வா, மக்க எடுன்னு ஒண்ணொண்ணா சொன்னா செய்வான். சாயங்காலம் டிவி சத்தம், விருந்தாளி, புள்ளைங்க கூச்சல் எல்லாம் சேந்தாதான் வெடிப்பான், மதியம் தூங்க வெச்சு டிவிய நிறுத்துன பிறகு நல்லாவே குறைஞ்சிருக்கு. பேச ஆளு வேணும்னா பிசியோ வரிசைல உக்காந்திருக்கறவங்ககிட்ட நம்பர் வாங்குங்க, நாங்க நாலஞ்சு குடும்பம் அப்படித்தான் சேந்தோம். மாசம் ஒருதடவ ஒருத்தர் வீட்ல கூடுவோம், அடிபட்டவங்க கேரம் ஆடுவாங்க, நாங்க அழறவங்க அழுது பேசறவங்க பேசிட்டு வருவோம்.

தெரபிஸ்ட் திருச்சி:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகள திரும்ப செய்ய பயிற்சி குடுக்கறவன். பிசியோவோட நிறுத்தாதீங்க மேடம், ஞாபகம், கவனம், அன்றாட வேலை இதுக்கும் பயிற்சி இருக்கு. வேலூர் சிஎம்சியோட பாகாயம் மறுவாழ்வு மையம், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நரம்பியல் மருத்துவமனை, சென்னை கேகே நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இங்கெல்லாம் கேட்டுப் பாருங்க. முதல் வருஷம் முன்னேற்றம் வேகமா தெரியும், அதுக்கப்புறமும் நிக்காது. பிட்ஸ் மாத்திரை குடுத்திருந்தா டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு போறப்ப ஒண்ணு கவனிங்க, 2016 சட்டத்துல இருக்கற 21 வகைல தலைக்காயம்னு தனியா கிடையாது, கைகால் மட்டும் பாத்தா நடக்கறாரேன்னு சதவீதத்த குறைச்சிருவாங்க, அதனால ஞாபகம், நடத்தை சோதனையும் பண்ணச் சொல்லி கேளுங்க. ஆக்சிடென்ட் கேஸ் போடலன்னா உடனே வக்கீல பாருங்க, 2022ல இருந்து விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள போடணும்னு கெடு வந்திருக்கு, ஆள் வெச்சு பாத்துக்கற செலவையும் அதுல கேக்கலாம்.

சேலம் அம்மா:
கண்ணு, அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிட்டு போ. டாக்டரே ஸ்கேன் படத்த காட்டி இந்த எடத்துல அடின்னு சொன்னதும் எங்க வீட்ல மந்திரிக்கற பேச்சே நின்னுபோச்சு. இப்ப என் மாமியார்தான் அவருக்கு மாத்திரை டப்பா அடுக்கறாங்க. வாரத்துல ஒரு மதியம் உன் மாமியார பாத்துக்க சொல்லிட்டு நீ கோயிலுக்கோ அம்மா வீட்டுக்கோ போயிட்டு வா, தூக்கமில்லாம நீயும் விழுந்தா அவர யாரு பாக்கறது?

பல்லடத்துக்காரி:
படிச்சு அழுதுட்டேனுங்க, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு ஒண்ணொண்ணா சொல்லிப் பாத்தேன், சட்டை பட்டன் வரைக்கும் அவரே போட்டாருங்க. திருப்பூர், பல்லடம், காங்கயம் பக்கம் யாராவது இருந்தா மெசேஜ் பண்ணுங்க, எங்க வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு, ஞாயித்துக்கிழமை கூடலாம்.