பொருள்: மறு: அழற்சிக் குறிப்பானா, உட்கனல் சுட்டியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பொருளை ஆங்கிலத்தில் ‘இன்ஃப்ளமேட்டரி மார்க்கர்’ என்கிறோம். அதற்கு ‘உட்கனல் சுட்டி’ என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த மறுப்புகளுக்குப் பதில் இது.

> அழற்சிக் குறிப்பான் என்றே இருக்கட்டும். புதுச்சொல் எதற்கு?

ஐயா, பொருளில் குறையே இல்லை. அழல் என்றால் நெருப்பு. ‘இன்ஃப்ளமேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்திலும் நெருப்புதான். சிக்கல் காதில் இருக்கிறது.

போன வாரம் மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். சர்க்கரையோடு சி.ஆர்.பி.யும் (அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) பார்த்த சீட்டைக் கொடுத்த பெண், “அழற்சி கொஞ்சம் கூட இருக்கும்மா, டாக்டர்ட்ட காட்டுங்க” என்றார். நம்மூர் நாக்கில் ழகரம் ளகரமாகிவிடும். அந்த அம்மா உடனே, “அலர்ஜியா? கத்திரிக்காயும் கருவாடும் விட்டு ஆறு மாசமாச்சே!” என்றார். அது வேறு, இது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டார்.

சரி, காதை விடுவோம். அழற்சி என்றதும் சிவந்து, வீங்கி, வலிப்பதுதான் நம் நினைவுக்கு வரும். தொந்திக் கொழுப்பில் நடப்பது அப்படியல்ல. கொழுப்பணுக்கள் பெருக்கப் பெருக்க, விழுங்கணுக்கள் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள்) வந்து குடியேறுகின்றன. அங்கிருந்து கிளம்பும் இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் புரதம் கல்லீரலைத் தூண்ட, அது சி.ஆர்.பி.யைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. டி.என்.எஃப். போன்ற வேறு தூதுப் புரதங்கள் இன்சுலினின் பேச்சைத் தசை கேட்காதபடி செய்கின்றன. இதயத் தமனிச் சுவரில் படியும் கொழுப்பிலும் இதே வேக்காடுதான். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. அரிசி ஆலைக்குப் பின்னால் கொட்டிய உமி மாதிரி: மேலே சாம்பல், காலை வைத்தால்தான் தெரியும். அதனால்தான் இதற்கு மட்டும் ‘உட்கனல்’ என்கிறேன். ‘உமிக்கனல்’ எனக்கு இன்னும் பிடிக்கும். பாடநூலில் ஏற்க மாட்டார்கள்.

அளவிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. நுண்ணிய சி.ஆர்.பி. சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதய ஆபத்து குறைவு, 3-க்கு மேல் என்றால் கூடுதல். 10-ஐத் தாண்டினால் சளியோ புண்ணோ இருக்கலாம், ஆறிய பிறகு மறுபடி பாருங்கள் என்பார்கள். நிமோனியாவில் இதே புரதம் 100-ஐயும் தாண்டும். 1930-இல் இதைக் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். (பெயரிலுள்ள ‘சி’ நிமோனியாக் கிருமியின் சர்க்கரைப் பொருளைக் குறிப்பது. அதையும் தமிழாக்க வேண்டாம், தயவுசெய்து.)

‘அழற்சிக் காரணி’ என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அது கூடவே கூடாது. பிறவியிலேயே மரபணுவால் சி.ஆர்.பி. கூடுதலாக உள்ளவர்களுக்கு அதனால் மட்டும் மாரடைப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. 2017-இல் வந்த கேன்டோஸ் என்ற மருந்து ஆய்விலோ, ரத்தக் கொழுப்பைக் குறைக்காமல் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதத்தை மட்டும் தடுத்ததிலேயே மாரடைப்பு குறைந்தது. நெருப்பு அந்தப் பக்கம், சி.ஆர்.பி. வெறும் புகை. ஆகவே ‘சுட்டி’.

> சுட்டி என்றால் எங்கள் வீட்டில் பேரன்தான்!

இருக்கட்டும் அம்மா. கணினிச் சுட்டி வந்தபோதும் இதையேதான் சொன்னோம்.

நேற்று அந்த நிலையத்துப் பெண்ணிடமே சொல்லிப் பார்த்தேன். “உள்ளுக்குள்ள கனலுதுன்னா அலர்ஜின்னு நினைக்க மாட்டாங்க சார். ஆனா சூடு பிடிச்சிருச்சுன்னு இளநி குடிக்கப் போயிருவாங்க” என்றார்.