தினமும் நடந்தேன், வைட்டமின் டி 11

மதுரை நடையர்:
ஆறு வருடமாக ஒரு நாள் விடாமல் காலை நடை போகிறவன் நான். எனக்கு வைட்டமின் டி 11 என்று வந்தபோது, பரிசோதனைக்கூடத்தில் யாருடைய ரத்தத்தையோ என் பெயரில் எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மறுபடியும் கொடுத்தேன். 12. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறையாம். என் நடையைக் கேலி செய்கிற மனைவிக்கு 26!

டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு நடக்கிறீர்கள்?" ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் வீடு திரும்பிவிடுவேன். முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி. "அந்த நேரத்தில் உங்கள் நிழல் எவ்வளவு நீளம் விழுகிறது?" என்றார். தோலில் டி-யை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ இருக்கும்போது அது காற்றுமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால் பெரும்பகுதி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறதாம். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் வெயில்தான் பயன்படும்.

மனைவியின் ரகசியம் அப்போது விளங்கியது. பங்குனி, சித்திரையில் பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் வடாம் பிழிகிறவள் அவள். முழங்கை வரை மாவு, கழுத்தெல்லாம் வியர்வை, காலடியில் சுருண்டு கிடக்கும் நிழல். நானோ அந்நேரம் மின்விசிறிக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். போதாததற்கு என் கறுப்புத் தோலுக்கு வெயில் அதிக நேரம் வேண்டும். வயது 61, தோல் தயாரிக்கும் அளவும் குறைந்துவிட்டது. தொப்பையின் கொழுப்பு வேறு டி-யைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறதாம்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

யாழ் மகள், லண்டன்:
அண்ணா, எனக்கு 28 என்று வந்தது. ஊரில் இருக்கும் தம்பி, "பரவாயில்லை, கிட்டத்தட்ட சரிதான்" என்றான். இங்கே அளவு நானோமோலில் வரும், 2.5 ஆல் வகுத்தால்தான் உங்கள் கணக்கு. வகுத்துப் பார்த்தால் எனக்கும் 11தான்! அலுவலகத்தில் யன்னலோரத்தில் வெயில் படவே இருந்தேன். கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் மறித்துவிடும் என்பது தெரியாது. ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்கே வெளியே நின்றாலும் போதிய கதிர் கிடைக்காது. அதனால் இலையுதிர், குளிர்காலங்களில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி அரசே எல்லோருக்கும் சொல்கிறது.

வயல்காட்டு அக்கா:
வெயில் மட்டும்தான் காரணம் என்றால் என் தங்கைக்கு ஏன் 9? நாள் முழுக்கக் களை எடுக்கிறவள். எலும்பு வலி, மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கும். வேலை அலுப்பு என்று தைலம் தேய்த்தே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டோம். கடைசியில் புதிதாக வந்த டாக்டரம்மா அவளுடைய பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். வலிப்புக்காகப் பன்னிரண்டு வருடமாக ஃபெனிடாய்ன் சாப்பிடுகிறாள். அது கல்லீரலில் டி-யை வேகமாகச் சிதைக்குமாம். வலிப்பு மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று மூன்று முறை சொல்லி, டி-யைக் கூடுதலாக எழுதிக் கொடுத்தார்.

திருச்சி மருமகன்:
குறைவு என்று எல்லோரும் பயப்படுகிறீர்கள். நான் கூடுதலைப் பார்த்தவன். மாமனாருக்கு 60,000 யூனிட் பொடி, வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு. மருந்துக்கடைக் கவரில் 'தினம் 1' என்று எழுதிவிட்டார்கள். அவரும் இரண்டு மாதம் தவறாமல் சாப்பிட்டார். தாகம், வாந்தி, மலச்சிக்கல். ஒரு நாள் என்னையே யார் என்று கேட்டார். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. தண்ணீரில் கரையாத சத்து இது. மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடாது, உடம்பிலேயே தங்கிவிடும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவரைப் படியுங்கள்.

மதுரை நடையர்:
மருமகனே, உடனே எழுந்து போய் என் கவரைப் பார்த்தேன். 'வாரம் 1' என்றுதான் இருக்கிறது. வெறும் வயிற்றில் வேண்டாம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும் என்றதால் ஞாயிறு மதிய விருந்துக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். எட்டு வாரம் கழித்து 33. காலை நடையை விடவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு அரைக்கைப் பனியனோடு, கையில் கம்புடன், மாடியில் வடாமுக்குக் காக்கை விரட்டும் வேலை இப்போது என்னுடையது. பாதி வடாமை நானே தின்றுவிடுகிறேன் என்று புகார் வந்திருக்கிறது.