வீட்டிலேயே ஆயில் மாற்றினேன், இப்போது புகையும் சத்தமும். அவசரம், உதவுங்கள்

கரும்புத்தோட்டம் · ஞாயிறு மாலை 5:48

வணக்கம். இன்று காலை வீட்டு வாசலிலேயே வைத்து வண்டிக்கு இன்ஜின் ஆயில் மாற்றினேன். மதியம் கடைவீதி வரை போய் வந்தேன். வழியெல்லாம் சைலென்சரில் வெள்ளைப் புகை. இழுவையும் இல்லை, பின்பக்கம் ஊய்ங் என்று ஒரு சத்தம் வேறு. ஆயில் புதியது, சீல் பிரித்து நானே ஊற்றியது. கடையில் விட்டுச் சந்தேகத்தோடு திரும்புவது போதும் என்றுதான் நானே இறங்கினேன். நாளை காலை ஆறு மணி ஷிப்டுக்கு வண்டி வேண்டும். என்ன செய்யலாம்?

புல்லட்வாசி · 5:55

என்ன வண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? என்ன கிரேடு ஆயில், எவ்வளவு ஊற்றினீர்கள்? இது எதையும் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது நண்பரே.

கோபி பைபாஸ் · 6:01

போலி ஆயில். வேறொன்றும் இல்லை. பழைய டப்பாவில் மறு சீல் போட்டு விற்கிறார்கள், போன வருடம் நானே வாங்கி அவதிப்பட்டேன். மூடியைத் திருகும்போது வளையம் தனியாக அறுந்து வந்ததா என்று பாருங்கள். உடனே வடித்துவிட்டு வேறு கடையில் வாங்கி ஊற்றுங்கள்.

மலைப்பாதை · 6:07

இழுவை இல்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கார் ஆயில் ஊற்றியிருப்பீர்கள். பைக்கின் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் உள்ள ஆயிலை ஊற்றினால் பிடிப்பு போய்விடும். டப்பாவின் பின்னால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்ற தரக்குறி போட்டிருக்கிறதா?

பழைய மெக்கானிக் · 6:20

தம்பி, இதற்குத்தான் கடை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 27 வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். பத்து நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் படுப்பவர்கள் அடுத்த நாள் என்னிடம்தான் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். வெள்ளைப் புகை என்றால், ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்க வேண்டியதுதான். இதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

கரும்புத்தோட்டம் · 6:34

மன்னிக்கவும், பதற்றத்தில் எதையும் எழுதவில்லை. ஆக்டிவா 5ஜி, 2018 மாடல், 41,000 கி.மீ. ஆயில் கிரேடு 10டபிள்யூ-30, டப்பாவில் ஜாசோ எம்பி என்று போட்டிருக்கிறது. 800 மில்லி டப்பா வாங்கினேன், முழுவதும் போகவில்லை. 600 போனதும் வாய் வரை வந்து நின்றுவிட்டது. கால் டப்பா மிச்சம் இருக்கிறது.

மலைப்பாதை · 6:38

ஓ, ஸ்கூட்டரா. அப்படியென்றால் நான் சொன்னது பொருந்தாது. ஸ்கூட்டர் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு எம்பிதான் சரி.

தறிநூல் · 6:41

தம்பி, மூன்றே கேள்வி. கழற்றியபோது எவ்வளவு ஆயில் வந்தது? என்ன நிறம்? எந்த இடத்து போல்ட்டைக் கழற்றினீர்கள்?

கோபி பைபாஸ் · 6:43

எவ்வளவு வந்தால் என்ன அக்கா, உள்ளே போனதுதான் பிரச்சினை.

கரும்புத்தோட்டம் · 6:52

அக்கா, ஒரு டீ டம்ளர் அளவுதான் வந்தது. 41,000 ஓடிய வண்டி, ஆயில் குடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நிறம் தேன் மாதிரி, கறுப்பே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் கடையில் ஆயில் மாற்றியதாக பில் போட்டார்கள். பத்து நிமிடத்தில் வண்டியை வெளியே தள்ளியதால் மாற்றவே இல்லை என்று நினைத்திருந்தேன். இவ்வளவு சுத்தமாக வந்ததும், அந்த மனிதரை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று மனசு கஷ்டப்பட்டது. போல்ட் இடது பக்கம், பின் சக்கரத்தை ஒட்டி அடியில் இருந்தது. சின்ன போல்ட்.

தறிநூல் · 7:03

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளி ஓரமாக வையுங்கள்.

நீங்கள் வடித்தது இன்ஜின் ஆயில் இல்லை, கியர் ஆயில். பின் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்களுக்கு இந்த வண்டியில் தனிப் பெட்டி இருக்கிறது. அதில் 120 மில்லிதான் இருக்கும். உங்கள் டீ டம்ளர் கணக்கு அதுதான். அங்கே பெட்ரோல் எரிவதில்லை, கரி சேருவதில்லை, அதனால்தான் தேன் நிறம்.

இன்ஜினில் பழைய ஆயில் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே இருக்கிறது. அதன் மேல் இன்னொரு 600. வாய் வரை வந்து நின்றதற்குக் காரணம் அதுதான். அளவு மீறினால் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, ஆயிலுக்குள்ளேயே அடித்துக்கொண்டு சுற்றும். ஆயில் நுரைத்து, இன்ஜினின் உள்காற்றை வெளியே விடும் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து இன்ஜினுக்குள்ளேயே இழுபட்டு எரியும். அந்தப் புகைதான் உங்களுடையது. ரிங் போகவில்லை, ஆயிலும் போலி இல்லை என்றே நினைக்கிறேன். பின்பக்கச் சத்தம் பல்சக்கரங்கள் காய்ந்து ஓடிய சத்தம். எத்தனை கி.மீ. ஓட்டினீர்கள்?

கரும்புத்தோட்டம் · 7:06

கடைவீதி போய்வர 9 கி.மீ. அய்யோ அக்கா. இப்போது என்ன செய்ய?

தறிநூல் · 7:24

9 கி.மீ. என்றால் பயப்பட வேண்டாம், பல்லில் ஒட்டியிருக்கும் ஆயில் கொஞ்சம் காப்பாற்றியிருக்கும். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். கியர் பெட்டியின் கீழ் போல்ட்டை வாஷரோடு இறுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதற்கு மேலே இன்னொரு போல்ட் இருக்கும், அது அளவு பார்க்கவும் ஊற்றவும். மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் வாங்கி, முனையில் சின்னக் குழாய் மாட்டி, 120 மில்லியை அந்தத் துளை வழியாக மெதுவாக ஏற்றுங்கள். துளை வாயில் கசிய ஆரம்பித்தால் போதும். ஆக்டிவாவுக்கு அங்கேயும் அதே 10டபிள்யூ-30தான், உங்கள் கால் டப்பா சரியாகப் போதும். கையேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஆயில் போல்ட் இன்ஜினுக்கு அடியில் இருக்கிறது, இதைவிடப் பெரியது. முழுவதும் வடியுங்கள். வடித்ததை அளவுக் குவளையில் ஊற்றி எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். புது டப்பா வாங்கி 650-இல் நிறுத்துங்கள். மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுக்கம்பியைத் துடைத்து உள்ளே விடுங்கள். திருகக்கூடாது, சும்மா வைத்து எடுக்க வேண்டும். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பேப்பரில் ஆயில் ஊறியிருந்தால் காற்றடித்துப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

இரண்டு போல்ட்டும் அலுமினியத்தில் ஏறுகின்றன. ஸ்பேனரில் தொங்கினால் மரை போய்விடும், அப்புறம் அதற்கு ஒரு செலவு.

பழைய மெக்கானிக் · 7:31

டம்ளர் கணக்கை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்கிறேன், கடையில் விட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

கோபி பைபாஸ் · 7:36

கடையில் விட்டால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். வடிப்பது பாதி, பில் முழுசு. திறந்த டப்பாவிலிருந்து லூசில் ஊற்றுவார்கள். இவர் கடைக்காரரும் மாற்றவில்லை, கியர் ஆயிலைப் பார்த்துத்தான் நல்லவர் என்று நினைத்துவிட்டார். நாளை வடிக்கும்போது இன்ஜினில் கறுப்பாக வரும் பாருங்கள்.

பழைய மெக்கானிக் · 7:44

கறுப்பாக வந்தால் மாற்றவில்லை என்று அர்த்தமா? 41,000 ஓடிய இன்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. நிறத்தை வைத்து ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லாதீர்கள். ஆயில் மாற்ற எங்களுக்குக் கிடைப்பது சொற்பக் கூலி. அதற்கும் கீழே உட்கார்ந்து, சூடான ஆயிலில் கையைச் சுட்டுக்கொண்டு வேலை பார்க்கிறோம்.

தறிநூல் · 7:58

இதில் அவர் சொல்வது சரி. கறுப்பு எதையும் நிரூபிக்காது. என் அனுபவத்தில், கடையில் விட்டாலும் பக்கத்திலேயே நிற்பேன். என் கண் முன்னால் சீல் பிரிக்கச் சொல்வேன், காலி டப்பாவை வாங்கிக்கொள்வேன். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டில் செய்தாலும் அதே கவனம்தான். வெளியே வந்ததை அளக்காமல் உள்ளே ஊற்றுவதே இல்லை.

வேப்பமரத்தடி · 8:10

வடித்த ஆயிலை வீசிவிடாதீர்கள். வீட்டுக் கதவு நிலைக்கும் மாட்டுக்கொட்டகை மரத்துக்கும் பூசினால் கரையான் அண்டாது. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

புல்லட்வாசி · 8:15

மாடு நக்குகிற மரத்தில் அதைப் பூசாதீர்கள் அய்யா. எரிந்த ஆயிலில் உலோகத்தூள் முதல் என்னென்னவோ இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது. டப்பாவில் அடைத்து ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், அவர்கள் பீப்பாயில் சேர்த்து விற்கிறார்கள்.

வேப்பமரத்தடி · 8:19

எங்கள் தாத்தா காலத்திலிருந்து பூசுகிறோம், ஒரு மாட்டுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

பழைய மெக்கானிக் · 8:27

கொண்டுவந்து கொடுத்தால் நாங்கள் வாங்கிக்கொள்வோம். எங்களிடம் மாற்றாதவர்களிடமும்தான்.

கரும்புத்தோட்டம் · ஞாயிறு இரவு 10:52

முடித்துவிட்டேன். இன்ஜினிலிருந்து 1 லிட்டர் 200-க்கு மேல் வந்தது, கறுப்புதான். தெருமுனைக் கடை மூடும் நேரத்தில் ஒரு டப்பா கிடைத்தது. ஃபில்டர் நனைந்திருக்கிறது, அது நாளைதான் கிடைக்கும். புகை முதலில் கொஞ்சம் வந்து அப்புறம் நின்றுவிட்டது. சத்தம் குறைந்திருக்கிறது. அக்காவுக்கு ரொம்ப நன்றி. காலையில் ஷிப்டு, போகிறேன்.

தறிநூல் · 11:05

நல்லது தம்பி. ஒரு வாரம் கழித்து கியர் ஆயிலை மட்டும் ஒருமுறை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். வெயிலில் பிடித்தால் வெள்ளித்தூள் மின்னுகிறதா என்று சொல்லுங்கள், மின்னினால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, கரகரப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலைப்பாதை · இரண்டு வாரம் கழித்து

எனக்கும் இதே மாதிரிப் பின்பக்கச் சத்தம், 125 சிசி ஸ்கூட்டர், கியர் ஆயில் ஒருமுறைகூட மாற்றியதில்லை. கரும்புத்தோட்டம், துணியில் தூள் வந்ததா?