ஒரு தடவை பால் கொடுக்க உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது, எப்படிச் சமாளித்தீர்கள்?

தூங்காத_அம்மா எழுதியது:

குழந்தை பிறந்து இன்றோடு 18 நாள். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். ஒரு தடவை உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் எழுந்ததே கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கேட்கவே வேண்டாம், ஒரு மணி நேரம் குடிப்பான், பத்து நிமிடம் தூங்குவான், கீழே படுக்க வைத்ததும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி மறுபடி தேட ஆரம்பித்துவிடுவான். நேற்று விடிகாலை 4.10க்குத் தூக்கினேன், இறக்கி வைக்கும்போது 5.25. நடுவில் தொண்டை வறண்டு போனது. தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருந்தும் மூடியை ஒரு கையால் திருக முடியவில்லை, பல்லால் கடித்துப் பார்த்தேன், அதற்கும் வரவில்லை. அழுதுவிட்டேன். ஒரு பாட்டில் மூடிக்காக!

எடை: பிறந்தபோது 2.9 கிலோ, ஐந்தாம் நாள் 2.7, பதினான்காம் நாள் 2.95. டாக்டர் நன்றாக ஏறியிருக்கிறது என்றார். ஆனாலும் மாமியார் தினம் ஒரு தடவையாவது “பால் பத்தலையோ” என்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும், ஆனால் அதிகாலையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒரு வார்த்தைதான் காதில் ஓடுகிறது. வலது மணிக்கட்டு வேறு விண்விண்ணென்று வலிக்கிறது.

எத்தனை நாளைக்கு இப்படி? அந்த நேரத்தில் நீங்கள் என்னதான் செய்தீர்கள்? புட்டிப்பாலுக்கு மாறு என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், அதை நேரில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள்.

ரெட்டைவால் எழுதியது:

முதலில் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். உறிஞ்சு குழாய் வைத்த பாட்டில் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள், இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்ததில் நான் கண்டுபிடித்த பெரிய விஷயம் அதுதான். பால் இறங்கும்போது தாகம் எடுப்பது இயல்பு, உட்கார்ந்த பிறகு யாரையாவது கூப்பிடுவதற்குப் பதில் ஒரு கூடையில் தண்ணீர், ஒரு கையால் சாப்பிடக்கூடிய ஏதாவது, சார்ஜர், துடைக்கும் துணி எல்லாம் போட்டு நீங்கள் எங்கே உட்கார்கிறீர்களோ அங்கே கூடவே கொண்டு போங்கள்.

மணிக்கட்டு வலிக்கிறது என்றால் குழந்தையின் பாரத்தை நீங்கள் கையால் தாங்குகிறீர்கள். மடியில் தலையணைகளை அடுக்கிக் குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள், நீங்கள் குனிந்து அவனிடம் போகாதீர்கள். எனக்கு முதல் பிள்ளைக்கு முதுகே போய்விட்டது, யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவதற்குப் பாதிக்கு மேல் படுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். ஒருக்களித்துப் படுத்து, குழந்தையையும் என் பக்கம் ஒருக்களித்து, வயிற்றோடு வயிறு ஒட்டி. முதல் இரண்டு மூன்று நாள் சரியாக வராது, அப்புறம் பழகிவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், தூக்கம் சொக்கும்போது சோபாவில் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். அப்படியே கண் அசந்தால் குழந்தை இடுக்கில் சரிந்து மூச்சு முட்டும் ஆபத்து அங்கேதான் மிக அதிகம். அதைவிடத் தலையணை, போர்வை எல்லாம் விலக்கிய தட்டையான கட்டில் எவ்வளவோ மேல். குடித்து முடித்ததும் அவனுடைய இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

சாயங்கால ரகளை நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. என் இரண்டுக்கும் ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போய், அதற்கப்புறம் மெல்லக் குறைந்தது. மூன்று மாதத்தில் அதே பிள்ளை பத்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டு ஃபேனைப் பார்க்கப் போய்விடும், நம்பவே மாட்டீர்கள்.

வார்டு_நர்ஸ் எழுதியது:

மகப்பேறு வார்டில் வேலை பார்க்கிறேன். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அவன் முகவாயைப் பாருங்கள். வாய் வைத்ததும் சின்னச் சின்னதாக வேகமாகச் சப்புவான். பால் இறங்கியதும் வேகம் குறையும், முகவாய் ஆழமாகக் கீழே இறங்கும், ஒரு கணம் நிற்கும், பிறகு “க்” என்று விழுங்கும் சத்தம் கேட்கும். அதுதான் குடிப்பது. கொஞ்ச நேரத்தில் விழுங்குவது நின்று உதடு மட்டும் படபடவென்று துடிக்கும், உங்கள் முக்கால் மணி நேரத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டத்தில் கட்டை விரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக மார்பைக் காம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, வலிக்காத அளவுக்கு அமுக்கி அப்படியே வைத்திருங்கள். மறுபடி விழுங்குவான். நின்றதும் விடுங்கள், இடம் மாற்றி அமுக்குங்கள். அமுக்கியும் விழுங்கவில்லை என்றால் வாயோரத்தில் உங்கள் சுண்டு விரலை நுழைத்துப் பிடியை விடுவித்து (வெடுக்கென்று இழுத்தால் காம்பு புண்ணாகும்), ஏப்பம் விட வைத்து, டயப்பரை மாற்றுங்கள், தூக்கம் கலையும், பிறகு அடுத்த பக்கம்.

வாய் வைக்கும் விதத்தையும் ஒரு தடவை கவனியுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலமாகத் திறந்திருக்க வேண்டும், முகவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும், கீழ் உதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். வாயை எடுத்ததும் காம்பு புது லிப்ஸ்டிக் நுனி மாதிரி சாய்வாக நசுங்கியிருந்தால் பிடி சரியில்லை, எவ்வளவு நேரம் குடித்தாலும் வயிறு நிறையாது.

மாமியாரிடம் சொல்ல: இந்த வயதில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது சாதாரணம், 6 டயப்பராவது நன்றாக நனைந்து, மலம் மஞ்சளாக இளகிப் போய், எடையும் ஏறினால் பால் பத்துகிறது. உங்கள் குழந்தை ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்குச் சுமார் 28 கிராம் ஏறியிருக்கிறான். சாயங்காலம் மார்பு தொளதொளவென்று இருப்பதைப் பார்த்துக் காலியாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், பால் ஊறிக்கொண்டேதான் இருக்கும், எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீரும் வேண்டாம்.

டயப்பர் நனைவது குறைந்தால், எடை நின்றால், குழந்தை எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்து மார்பில் ஓர் இடம் சிவந்து கல்லாக வலித்தாலும் அப்படித்தான்.

எலுமிச்சை எழுதியது:

நர்ஸ் சொன்னதோடு ஒன்று. எனக்கும் ஒரு மணி நேரம் ஆனது, ஆனால் ஒவ்வொரு தடவையும் வலியில் கால் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போகப் போகச் சரியாகும் என்று எல்லாரும் சொன்னதைக் கேட்டு ஐந்து வாரம் ஓட்டிவிட்டேன். கடைசியில் பார்த்தால் குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருந்தது. நீளமாகக் குடிப்பது வேறு, வலியோடு குடிப்பது வேறு. வலி இருந்தால் காத்திருக்காமல் தாய்ப்பால் ஆலோசகரிடம் போய்விடுங்கள்.

தாடிக்காரன் எழுதியது:

அப்பா ஒருத்தன் எழுதுகிறேன், மன்னிக்கவும். பால் கொடுப்பதைத் தவிர மீதி எல்லாம் உங்கள் வீட்டுக்காரரால் முடியும். நாங்கள் செய்தது: ராத்திரி நான் எழுந்து டயப்பர் மாற்றிக் குழந்தையைக் கையில் கொடுப்பேன், குடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து நானே தூங்க வைப்பேன், அவள் உடனே கண்ணை மூடிவிடுவாள். அவளுக்குத் தடவைக்கு அரை மணி தூக்கம் மிச்சம். “என்ன உதவி வேணும்” என்று கேட்பது உதவியில்லை என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்கு முன்னால் ஒரு நாள் “இன்னுமா முடியல?” என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தூங்காத_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, தாடிக்காரன் பதிலை அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன், படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் எனக்கு உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார்.

வலி இல்லை, காம்பும் நசுங்கவில்லை, பார்த்துவிட்டேன். அமுக்கிக் கொடுப்பதை நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். நிஜமாகவே “க்” சத்தம் கேட்கிறது, இத்தனை நாள் காதில் விழவே இல்லை. 40 நிமிடத்தில் முடிந்தது. ஆரம்பிக்கும்போது இறுக்கி மூடி வைத்திருந்த கை, முடிக்கும்போது ஒவ்வொரு விரலாகத் திறந்து என் மேல் சும்மா கிடந்தது. சாயங்காலம் மட்டும் பழைய கதைதான், இரண்டு மணி நேரம். ஆறாவது வாரம் வரை அதைப் பொறுத்துக்கொள்கிறேன். மாமியாரிடம் டயப்பர் எண்ணும் வேலையைக் கொடுத்திருக்கிறேன், காலையிலிருந்து நான்கு என்று இப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

தேட ஆரம்பித்துவிட்டான், அப்புறம் வருகிறேன்.