பைத்தான் 3.8-இன் டிஎல்எல் கட்டுப்பாடு தேவைதானா?

நொய்யல்:
2019 அக்டோபரில் வந்த பைத்தான் 3.8, விண்டோஸ் பயனர்களின் பல ஆண்டுப் பழக்கத்தை முறித்துவிட்டது. சி++ மொழியில் எழுதிய நீட்சி ஒன்றை இம்போர்ட் செய்யும்போது, அதற்குத் தேவையான டிஎல்எல்களை (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்புகளை), பாத் (PATH) என்ற சூழல் மாறியில் பட்டியலிட்ட கோப்புறைகளில் தேடுவதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் புவியியல் தரவுகளைக் கையாளும் ஜிடால் (GDAL) நூலகத்தை ஒரே இடத்தில் நிறுவி, எல்லாக் கருவிகளுக்கும் பாத் வழியாகக் கொடுத்துவந்தோம். அத்தனையும் நின்றுபோயின. பிழைச்செய்தியோ எந்த டிஎல்எல் இல்லை என்றுகூடச் சொல்வதில்லை!

கீழ்க்கரை:
பிழைச்செய்தி மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய முறை அதைவிட மோசம். வேறு மென்பொருள் கொண்டுவந்த அதே பெயருள்ள டிஎல்எல் பாத்தில் முன்னால் இருந்தால், அதுதான் ஏறும். பதிப்பு பொருந்தாமல் நிரல் நடுவழியில் சரியும். காரணம் கண்டுபிடிக்க நாள்கணக்காகும். நடப்புக் கோப்புறையில் எவரோ போட்டுவைத்த கோப்பும் ஏறக்கூடும் என்பது பாதுகாப்பு ஓட்டை. இப்போது சிஸ்டம் கோப்புறைகள், நீட்சி இருக்கும் கோப்புறை, ஆட்_டிஎல்எல்_டைரக்டரி (os.add_dll_directory) என்ற கட்டளை மூலம் நாமே சேர்த்தவை, இவ்வளவுதான்.

நொய்யல்:
அந்தக் கட்டளை வரியை யார் எழுதுவது? நூலகம் என் கணினியில் எங்கே இருக்கிறதென்று பொதியை எழுதியவருக்குத் தெரியாது. லினக்ஸில் நூலகம் தேடும் இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் (LD_LIBRARY_PATH) மாறி இன்றும் வேலை செய்கிறதே.

கீழ்க்கரை:
வேலை செய்கிறது, ஆனால் பிப் (pip) என்ற நிறுவும் கருவி வழி வரும் பொதிகள் அதை நம்பியிருப்பதில்லை. ஆடிட்வீல் (auditwheel) கருவி, தேவையான நூலகங்களை வீல் (wheel) எனப்படும் பொதிக் கோப்புக்குள்ளேயே வைத்து, தேடும் பாதையையும் நீட்சியிலேயே எழுதிவிடுகிறது. விண்டோஸில் அதே வேலைக்கு டெல்வ்வீல் (delvewheel) இருக்கிறது. கோப்புப் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) சேர்ப்பதால் பெயர் மோதலும் இல்லை.

மருதம்:
உள்ளே அடைத்து அனுப்புவதற்கும் விலை உண்டு. மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் (OpenSSL) ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைத்து வைத்திருக்கும் ஒவ்வொரு பொதியையும் மறுபடி கட்ட வேண்டும். இரண்டு பொதிகள் இணைக்கணிப்புக்கான இன்டெல் ஓப்பன்எம்பி (OpenMP) நூலகத்தைத் தனித்தனியாகக் கொண்டுவந்தால், ஏற்கெனவே தொடங்கப்பட்டது என்று சொல்லி நிரலே நின்றுவிடும்.

நொய்யல்:
அதனால்தான் ஒரே நூலகத்தைப் பகிர்கிறோம். பாத்தில் உள்ள கோப்புறைகள் அனைத்தையும் லூப் போட்டுச் சேர்த்துவிட்டால் என்ன?

கீழ்க்கரை:
தயவுசெய்து வேண்டாம். அப்படிச் சேர்த்தவற்றில் எதை முதலில் தேடும் என்பதற்கு விண்டோஸ் உத்தரவாதமே தருவதில்லை. பாத்திலாவது வரிசை இருந்தது. விஷுவல் ஸ்டுடியோவுடன் வரும் ‘டம்ப்பின்’ (dumpbin) கருவியில் டிபென்டென்ட்ஸ் (/dependents) தெரிவைக் கொடுத்து எந்த டிஎல்எல்கள் தேவை என்று பாருங்கள். ஜிடால் இருக்கும் கோப்புறையை மட்டும் சேருங்கள்.

நொய்யல்:
சேர்க்கிறேன். ஆனால் கிடைக்காத டிஎல்எல்லின் பெயரைச் சொல்லாமல் இப்படியொரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது தவறு என்பதில் எனக்கு மாற்றமில்லை.