உங்கட வீட்டிலை பரம்பரைக் கதை என்ன சொல்லுவினம்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து:

விரத நாளிலை சாப்பிட்ட இலையை எங்கட ஆச்சி வெளியிலை எறியவிடமாட்டா. மடிச்சுக் கூரை இறப்பிலை செருகச் சொல்லுவா. பறங்கியின்ர காலத்திலை, விரதம் பிடிக்கிறது தெரிஞ்சால் தண்டனை எண்டு ஒளிச்ச பழக்கமாம். போர்த்துக்கேயர் 1619 இலை யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு, 1658 இலை ஒல்லாந்தரிட்டைப் பறிகுடுத்தவை. அந்த 39 வருசப் பயம் எங்கட குசினி வரைக்கும் வந்திருக்கு. பறங்கியின்ர சமையலுக்குப் பசு குடுக்கிற முறை தன்ர வீட்டுக்கு வர, இரவோடிரவா ஊரைவிட்டுப் போனவர் எண்டு சொல்லுற ஞானப்பிரகாசரும் எங்கட ஊர்தான். சிதம்பரத்திலை அவற்றை பேரிலை குளம் இருக்கு. ஆச்சி அவரை "எங்கட ஆள்" எண்டுதான் சொல்லுவா.

கோண்டாவிலிலிருந்து:

அப்பாவின்ர பக்கத்தார் தாங்கள் தொண்டைமண்டலத்திலையிருந்து வந்த குடி எண்டுவினம். யாழ்ப்பாண வைபவமாலையிலும் அப்பிடிக் குடியேற்றக் கதைகள் கிடக்கு. ஆனால் அது ஒல்லாந்தர் காலத்திலை எழுதின நூல். அதை வைச்சு ஒரு வீட்டின்ர வேரைப் பிடிக்கேலாது.

நான் நம்புறது அம்மம்மா வழிக் கதையை. அவவின்ர பூட்டியின்ர புருசன் பொயிலை ஏத்திக்கொண்டு திருவிதாங்கூருக்குப் போனவர், திரும்பி வரேல்லை. பூட்டி கைக்குழந்தையோட துரவு, அதுதான் பெரிய கிணறு, கிண்டித் தோட்டம் செய்து பிள்ளையளை ஆளாக்கினவ. இது வாயாலை வந்த கதை. ஆனால் எங்கட காணி உறுதியை விரிச்சுப் பாத்தால், "நாச்சிதுரவு என்னும் பெயருடைய காணி, பரப்பு நாலு" எண்டு கிடக்கு. மடிப்பெல்லாம் கிழிஞ்சு, முத்திரை மட்டும் அழியாமல் இருக்கு.

இஞ்சை காணி தாயிட்டையிருந்து மகளுக்குச் சீதனமாப் போறது. 1707 இலை ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையைத் தொகுக்க முந்தியே இருந்த வழக்கம் அது. ஆனபடியாலை காணியின்ர கதையும் பொம்பிளையளின்ர வாயிலைதான் இருக்கு. தகப்பன் வழியைக் கேட்டுப்போட்டு நிப்பாட்டாதேங்கோ, அம்மம்மாவைக் கேளுங்கோ. 1995 சண்டை இடப்பெயர்விலை அம்மா நகையோட சேத்து இந்த உறுதியையும் சொப்பிங் பையிலை சுத்திக்கொண்டு போனவ. திரும்பி வரேக்கை வீட்டுக்குக் கூரையில்லை. துரவிலை தண்ணி கிடந்தது.

வடமராட்சியிலிருந்து:

எங்கட பெரியப்பா சொல்லுற கதையிலை நாங்கள் அரசற்றை படைத்தலைவன் வழி, ஊர்க் கேணியைக் கட்டினதும் எங்கட ஆள்தான். தலைமுறை தலைமுறையா எங்கட காணியிலை பாடுபட்ட ஆக்களுக்கு அந்தக் கதையிலை ஒரு பேரும் இல்லை. அது எனக்குப் பெரிய வேதனை. போன ஆவணியிலை அப்பிடிப் பாடுபட்ட ஒரு வீட்டு ஐயாவைப் போய்க் கண்டு கதைச்சன். கேணியைக் கிண்டி, ஒவ்வொரு பொழிகல்லாய்ச் சுமந்து அடுக்கினது தன்ர பூட்டனும் தம்பிமாரும் எண்டு சொன்னார். எந்தப் படியிலை ஆருக்குக் கால் நசிஞ்சதெண்டும் காட்டினார். என்ர மகளுக்கு ரண்டு கதையையும் சொல்லியிருக்கிறன். ஐயாவின்ர கதையைத்தான் முதல் சொன்னன்.